எல்டிஎல் 98 தானே, அப்புறம் எதற்கு மாத்திரை?

கேள்வி: வயது 52, தண்டையார்பேட்டை. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. மொத்தக் கொழுப்பு 182, எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 98, எச்டிஎல் (நல்ல கொழுப்பு) 32, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 260. எல்டிஎல் நார்மல் என்பதால், யூடியூப் வீடியோ ஒன்றைப் பார்த்து, கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூண்டு சாப்பிடுகிறேன். முட்டை சாப்பிடலாமா? கையில் உள்ள உருண்டைகள் கொழுப்பா? சில வாரங்களாக மாடி ஏறினால் மூச்சு வாங்கி வேர்க்கிறது, வயசாகிறது போல. அண்ணன் போன வருடம் கேஸ் டிரபிள் என்று படுத்தார், எழவே இல்லை.

பதில்: மூச்சு வாங்குவதை வயசின் கணக்கில் எழுதாதீர்கள். பல வருடச் சர்க்கரை நரம்புகளை மழுங்கடித்துவிடும். அதனால் இதயத்துக்கு ரத்தம் குறையும்போது நெஞ்சு வலிக்காமலே போகலாம். மூச்சிரைப்பு, வியர்வை, காரணமில்லாத அசதி மட்டுமே தெரியும். அண்ணனுக்கு நடந்தது உங்களுக்கும் வருமோ என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? நாளைக்கே போய் இதய மருத்துவரைப் பாருங்கள். ஈசிஜி நன்றாக இருந்தாலும் அதோடு திரும்பிவிடாதீர்கள். எக்கோ ஸ்கேன், டிரெட்மில் சோதனை வேண்டுமா என்று அவர் முடிவு செய்யட்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, நெஞ்சை அழுத்தினாலோ, குளிர்ந்து வேர்த்தாலோ, சோடா குடித்துக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான்.

இப்போது அந்த 98. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது உடம்பில் சேர்ந்த கொழுப்பு ஓயாமல் கரைந்து கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதை டிரைகிளிசரைடு நிறைந்த துகள்களாக்கி ரத்தத்தில் விடுகிறது. அவை தங்கள் டிரைகிளிசரைடை எல்டிஎல், எச்டிஎல் துகள்களிடம் கொடுத்து, பதிலுக்குக் கொலஸ்டிராலை வாங்கிக்கொள்கின்றன. பிறகு எல்டிஎல் சுருங்கிச் சின்னதாக, அடர்த்தியாக ஆகிவிடும். ஹார்பருக்குப் பெரிய லாரியில் போகிற சரக்கைக் குட்டியானைகளில் ஏற்றினால் எடை அதேதான், வண்டிதான் பல மடங்கு. ரிப்போர்ட் எடையை மட்டும் சொல்கிறது. ரத்தக்குழாய்ச் சுவருக்குள் எளிதாக நுழைந்து தங்குவதோ இந்தச் சின்னத் துகள்கள்தான். சுருங்கிய எச்டிஎல்லும் சீக்கிரம் அழிந்துவிடுவதால், குழாய்ச் சுவரிலிருந்து கொலஸ்டிராலைக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டுபோகும் வேலை குறைகிறது. உங்கள் 260-ம் 32-ம் இந்தக் கதையைத்தான் சொல்கின்றன.

நீங்கள் பார்க்க வேண்டிய எண் வேறு. மொத்தக் கொழுப்பு 182-இல் எச்டிஎல் 32-ஐக் கழியுங்கள், 150. நல்ல கொழுப்பு போக மீதி இது. சர்க்கரை உள்ளவருக்கு அது குறைந்தபட்சம் 130-க்குக் கீழேயாவது இருக்க வேண்டும். இதயத்தில் அடைப்பு இருந்தால் இன்னும் கீழே.

எல்டிஎல் எவ்வளவு இருந்தாலும், 40 வயதைத் தாண்டிய சர்க்கரைக்காரர்களுக்கு ஸ்டாடின் (உங்கள் அடோர்வாஸ்டாடின் இந்த வகைதான்) கொடுப்பது மாரடைப்பைத் தடுக்கத்தான். அது சர்க்கரையைச் சிறிது கூட்டலாம் என்பது உண்மை, ஆனால் கிடைக்கும் பலன் அதைவிடப் பெரிது. வீடியோ போட்டவர் உங்கள் ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை. பூண்டைக் குழம்பில் போடுங்கள், மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம். நிறுத்தியதை நாளை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி மறுபடி ஆரம்பியுங்கள். தசைவலி வந்தால் அவரிடமே கேளுங்கள், வேறு மாத்திரை இருக்கிறது.

கையில் இருப்பவை வலிக்காமல், மெத்தென்று நகர்ந்தால் சாதாரணக் கொழுப்புக் கட்டிகள். ரத்தக் கொழுப்போடு சம்பந்தமில்லை. முட்டை தினம் ஒன்று சாப்பிடலாம். குறைக்க வேண்டியது சோறு, பஜ்ஜி, சர்க்கரை போட்ட டீ. மது இருந்தால் அதை அறவே விடுங்கள், டிரைகிளிசரைடு இறங்கும். நடைப்பயிற்சி மட்டும் இதய மருத்துவர் பார்த்த பிறகு.