ஆடுகளம் கேள்வி–பதில்: ஆட்ட நாள் முதலில், டிக்கெட் அப்புறம்

கேள்வி: அக்கா, என் மகன் 16 வயதுக்குட்பட்டோர் ரக்பி குழுவில் ஆடுகிறான். ஜூன் விடுமுறையில் 24 பிள்ளைகளையும் 4 பெரியவர்களையும் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப் பெற்றோர் குழு முடிவு செய்திருக்கிறது. 9 நாளில் பெர்த்தில் இரண்டு ஆட்டம், சிட்னியில் இரண்டு ஆட்டம். டிக்கெட் இப்போது மலிவாகக் கிடைக்கிறது. இந்த வாரமே வாங்கிவிடலாமா?
– வாசகி, ஈசூன்

பதில்: வேண்டாம்மா. பள்ளிக் குழுவோடு பதினோரு முறை போய்வந்தவள் சொல்கிறேன். முதலில் ஆட்ட நாள், அடுத்து திடல், அப்புறம் தங்குமிடமும் பேருந்தும். விமான டிக்கெட் கடைசியில்தான். டிக்கெட்டை முந்தி வாங்கிவிட்டால், அந்தத் தேதிக்குள் ஆட்டங்களை அடைக்கப் பார்ப்போம். அடிபடுவது பிள்ளைகளின் உடம்பு.

9 நாளில் 4 ஆட்டம் மிக அதிகம். 2023 ரக்பி உலகக் கிண்ணத்தில் பெரியவர்களுக்கே இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே குறைந்தது 5 நாள் ஓய்வு கொடுத்தார்கள். உங்களுக்கு இரண்டு ஆட்டம் போதும்: இரண்டாம் நாள் ஒன்று, எட்டாம் நாள் ஒன்று. நடுவில் உள்ளூர்ப் பிள்ளைகளோடு ஒரு கூட்டுப் பயிற்சி. தலையில் அடிபட்டதோ என்று சந்தேகம் வந்தால்கூட அந்தப் பிள்ளையை உடனே வெளியே எடுத்துவிடுங்கள், அந்தப் பயணத்தில் அவனுக்கு மறுபடி ஆட்டம் கிடையாது. காப்புறுதி வாங்கும்போது அதில் ரக்பி சேர்த்தியா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சிட்னியை விட்டுவிடுங்கள். பெர்த்திலிருந்து அது 3,000 கிலோமீட்டருக்கும் மேல். ஜூனில் இரண்டு மணி நேரம் முன்னால் ஓடும் ஊர் வேறு. 28 பேரையும் அத்தனை பைகளையும் ஏற்றி இறக்குவதற்குள் ஒரு முழு நாள் போய்விடும். பெர்த்துக்கோ சிங்கப்பூரிலிருந்து சுமார் 5 மணி நேரம்தான், கடிகாரத்தையும் தொட வேண்டாம். ஊர் மாறிப் பார்க்க ஆசையென்றால் புன்பரி போங்கள், பெர்த்திலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். ஜூனில் அங்கே குளிர்காலம். மாலை ஐந்தே காலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கும் நம் ஊர்க் கணக்கில் 4 மணிக்கு ஆட்டம் வைத்தால், கடைசிக் கால் மணி நேரம் பந்து கண்ணுக்குத் தெரியாது. திடலில் விளக்கு உண்டா என்று கேளுங்கள், இல்லையென்றால் 2 மணிக்கே தொடங்குங்கள். மழையில் புல்தரை வழுக்கும். செயற்கைத் தரைக்கு வாங்கிய காலணி அங்கே பிடிக்காது, அடியில் நீண்ட ஸ்டட் (தரையைப் பிடிக்கும் குமிழ்) உள்ள ஜோடி வேண்டும்.

அந்தக் காலணியில்தான் என் பெரிய கவலை. மண் ஒட்டிய காலணியை ஆஸ்திரேலியாவுக்குள் விடமாட்டார்கள். புறப்படும் முந்தின இரவு எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைப்பேன். ஆளுக்கொரு பழைய பல்துலக்கி, ஒரு சத்தே குச்சி. ஸ்டட்டைக் கழற்றி, அந்தத் துளைக்குள் இறுகிப்போன மண்ணைக் குச்சியால் சுரண்ட வேண்டும். மேலே மட்டும் பளபளவென்று துடைத்துவிட்டு வரும் பிள்ளைதான் அங்கே மாட்டுவான். ஒருமுறை அதிகாரி ஒவ்வொரு ஜோடியையும் கவிழ்த்து விளக்கடியில் பார்த்தார். எங்கள் 22 ஜோடியும் தேறியபோது எனக்குக் கோப்பை வாங்கின மகிழ்ச்சி. வருகைப் படிவத்தில் காலணி இருப்பதை மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

விசா விஷயத்தில் இப்போதே இறங்குங்கள். சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்கள் கைப்பேசிச் செயலியிலேயே பயண அனுமதி வாங்கிவிடலாம். ஆனால் நிரந்தரவாசியாக இருந்து இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் பிள்ளைக்கு முறையான விசா வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். ஒரு பிள்ளை மட்டும் சாங்கி விமான நிலையத்தில் அழுதுகொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன், இன்னொரு முறை பார்க்க வேண்டாம்.

ஸ்கிரம்மின், அதாவது இரு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் வியூகத்தின், முன்வரிசையில் ஆடப் பழகியவர்கள் எத்தனை பேர் என்று பயிற்றுநரிடம் கேளுங்கள். 23 பேர் அணிக்கு 6 பேர் வேண்டும். சிங்கப்பூர் ரக்பி சங்கத்தின் ஒப்புதலும் அங்குள்ள சங்கத்தின் ஒப்புதலும் எழுத்தில் வரட்டும். பேருந்து பேசும்போது பைகளுக்கு இழுவண்டி உண்டா என்று கேளுங்கள். எங்களுக்கு ஒருமுறை 28 பேருக்கு 21 இருக்கை வண்டி வந்து நின்றது. இடம் கிடைக்காத பிள்ளைகள் மழையில் காத்திருந்தார்கள்.

கேள்வி: ஆகஸ்டில் மெல்பர்னிலிருந்து என் பழைய அணி நண்பர்கள் 20 பேர் இங்கே ஆட வருகிறார்கள். பிற்பகல் 3 மணிக்குத் திடல் எடுக்கலாமா?
– வாசகர், பாசிர் ரிஸ்

பதில்: எடுக்காதீர்கள் தம்பி. அது வெயிலும் இடியும் சேர்ந்து வரும் நேரம். மின்னல் எச்சரிக்கை வந்தால் திடலைக் காலி செய்ய வேண்டும், முன்பதிவுக் காசும் வீண். விளக்குள்ள திடலாக, மாலை ஆறரைக்கு மேல் எடுங்கள். 2013 ஜூனில் பிரிட்டிஷ் அயர்லாந்து லயன்ஸ் என்னும் கூட்டு ரக்பி அணி ஹாங்காங்கில் ஆடியபோது, வெக்கைக்காகவே நடுவில் தண்ணீர் இடைவேளை விட்டார்கள். நீங்களும் ஒவ்வொரு பாதியிலும் ஒன்று விடுங்கள்.

மெல்பர்ன் குளிரிலிருந்து வருகிறவர்கள், ஆட்டத்துக்கு மூன்று நாள் முந்தியே வந்து சேரட்டும். ஒரு மாலை பாடாங் பக்கம் அழைத்துப் போங்கள். ரக்பிக்காரர்கள் பார்க்க வேண்டிய புல்வெளி அது, 1947 முதல் சிங்கப்பூர் கிரிக்கெட் மன்றம் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி) போட்டி நடத்திவரும் இடம். ஐஸ் பெட்டி இரண்டும் ஈரத்துண்டு இருபதும் உங்கள் பொறுப்பு.