பொண்ணு டெக்சஸ்ல 11வது படிக்கிறா, எஸ்.ஏ.டி (காலேஜ் அட்மிஷன் பரீட்சை) 1460, கிளாஸ் ரேங்க் டாப் 12%. ப்ரீமெட் (மெடிக்கல் ஸ்கூலுக்கு தயாராகற காலேஜ் படிப்பு) பண்ண நல்ல காலேஜ் கிடைக்க எத்தனை சதவீதம் சான்ஸ் இருக்கு?

சாதாரணமா இந்த மாதிரி கேள்விய படிச்சிட்டு போயிடுவேன். ஆனா 'எத்தனை சதவீதம்'னு கேட்டிருக்கீங்க பாருங்க, அந்த சதவீதத்தை விக்கிறதுக்குன்னே எங்க ஏரியால ஒரு காலேஜ் கவுன்சிலர் இருந்தாரு, எங்ககிட்டயும் வித்தாரு. கலர் பிரிண்ட் போட்ட ரிப்போர்ட், ஒவ்வொரு காலேஜ் பேருக்கு பக்கத்துலயும் ஒரு சதவீதம், புள்ளி வச்சு ஒரு டிஜிட் வேற. அந்த டிஜிட் எங்கருந்து வந்துச்சுன்னு என் வீட்டுக்காரர் கேட்டதுக்கு 'எக்ஸ்பீரியன்ஸ் சார்'னு பதில். அதனால சதவீதம் நான் சொல்ல மாட்டேன், யாராவது சொன்னாலும் நம்பாதீங்க.

நீங்க டாலஸ் பக்கத்துல பிளேனோ, ஃப்ரிஸ்கோ பக்கம்தான் இருப்பீங்கன்னு நினைக்கிறேன். டாப் 12%னு இவ்வளவு வருத்தமா எழுதறவங்க வேற எங்க இருக்காங்க? மேற்கு டெக்சஸ்ல ஏதாவது சின்ன ஊர்ல இதே மார்க்குக்கு உங்க பொண்ணு ஸ்கூல்லயே ஒண்ணு ரெண்டாவதா வந்திருப்பா. இங்க பாதி கிளாஸ் ஏ.பின்னு ஸ்கூல்லயே எடுக்கற காலேஜ் லெவல் கோர்ஸ்லயே வாழுது.

ரேங்க் ஏன் இங்க இவ்வளவு பெரிய விஷயம்னா, 1997ல டெக்சஸ்ல ஒரு சட்டம் வந்துச்சு. ஸ்கூல்ல டாப் 10%ல இருந்தா ஸ்டேட் யுனிவர்சிட்டில ஆட்டோமேட்டிக் அட்மிஷன். ஆனா யூ.டி ஆஸ்டினுக்கு (யுனிவர்சிட்டி ஆஃப் டெக்சஸோட ஆஸ்டின் கேம்பஸ்) மட்டும் கூட்டம் தாங்காம 2009ல சட்டத்தை மாத்தினாங்க, டெக்சஸ் பசங்களுக்கான சீட்ல முக்கால்வாசி இந்த ஆட்டோ அட்மிட்டுக்கு, மிச்சம் கால்வாசிக்குத்தான் மத்த எல்லாரும் எஸ்ஸே, ஆக்டிவிட்டின்னு எழுதி மோதிக்கணும். என் பொண்ணு அப்ளை பண்ணப்போ கோடு 6%. 2026 அட்மிஷன்லருந்து 5% ஆக்கிட்டாங்க. 12%ல இருக்கற உங்க பொண்ணு அந்தக் கால்வாசிக்குள்ள போட்டி போடணும், அதுதான் நிஜம். ஆட்டோ அட்மிட் கிடைச்சா மட்டும் கேட்ட மேஜர் (முக்கிய பாடம்) கிடைச்சிடும்னு நினைக்காதீங்க, அது தனி முடிவு.

எங்க பொண்ணு 2019ல ஹைஸ்கூல் முடிச்சா. 6% கோட்டுக்கு கொஞ்சம் வெளிய. ஏன் வெளியன்னா அவ வயலின் வாசிச்சா. சிரிக்காதீங்க, உண்மையாதான் சொல்றேன். எங்க ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல ஏ.பி கோர்ஸுக்கு 6.0 வெயிட், ஆர்கெஸ்ட்ரா மாதிரி ரெகுலர் கிளாஸுக்கு 5.0. ஆர்கெஸ்ட்ரால 100 வாங்கினாலும் உங்க ஜி.பி.ஏ இறங்கும். அதனால அவ கூட வாசிச்ச பசங்க ஒவ்வொருத்தரா 10வதுல வயலினை தூக்கி பரண்ல போட்டுட்டு ஏ.பி எடுத்தாங்க, இவ மட்டும் விட மாட்டேன்னுட்டா. நானும் விட சொல்லல. ஒரு பொண்ணு பத்து வருஷம் வாசிச்ச விஷயத்தை அரை பாயிண்டுக்கு விடணும்னா அந்த ரேங்க் கணக்கே சரியில்லன்னுதான் இப்பவும் சொல்வேன். இதுக்கு 'அப்ப ரேங்க் போச்சே'ன்னு கமெண்ட் போட வர்றவங்க தாராளமா போடுங்க, படிச்சிட்டு போறேன்.

ஆஸ்டின்லருந்து வந்தது 'கேப்'. கோஆர்டினேட்டட் அட்மிஷன் ப்ரோக்ராம்னு ஒண்ணு, முதல் வருஷம் வேற யூ.டி கேம்பஸ்ல படிச்சு அவங்க கேட்ட ஜி.பி.ஏ வாங்கினா ரெண்டாவது வருஷம் ஆஸ்டினுக்கு வரலாம், ஆனா லிபரல் ஆர்ட்ஸுக்குத்தான் கேரண்டி, சயின்ஸ் காலேஜுக்கு கிடையாது. அதே வாரம் வடகிழக்குல ஒரு பிரைவேட் காலேஜ்லருந்து அட்மிஷன் வந்துச்சு, நல்ல பேர், வருஷத்துக்கு 70,000 டாலருக்கு மேல, ஸ்காலர்ஷிப் சல்லிக்காசு கிடையாது. மூணாவதா யூ.டி டாலஸ், வீட்லருந்து கார்ல அரை மணி நேரம், டியூஷன் ஃபீஸ் முழுசும் ஸ்காலர்ஷிப்.

அப்போ கிடைச்ச அட்வைஸ் இருக்கே! சங்கத்து பொங்கல் விழால தட்டை கைல வச்சுக்கிட்டு ஒரு அங்கிள், 'என்னம்மா, பக்கத்துல இருக்கற காலேஜுக்கா அனுப்பறீங்க, அதுக்கா இவ்வளவு படிச்சா'ன்னு என் பொண்ணு முன்னாடியே கேட்டாரு. ஊர்லருந்து எங்க அத்தை போன் பண்ணி 'அந்த காலேஜ் பேரு டிவில வருமா'ன்னு கேட்டாங்க, அவங்கள குறை சொல்ல முடியாது, அவங்களுக்கு தெரிஞ்சது அவ்வளவுதான். ஆனா இங்கயே இருபது வருஷமா இருக்கறவங்க கேக்கறதுதான் எரிச்சல். கடைசில முடிவு பண்ணது என் பொண்ணுதான். 'அம்மா, நாலு வருஷம் கழிச்சு இன்னொரு நாலு வருஷம் ஃபீஸ் கட்டணும், ரெண்டு தடவையும் நீங்க கட்டுவீங்களா'ன்னு ஒரே கேள்வி. வாயடைச்சு போச்சு எங்களுக்கு.

இப்ப அவ டெக்சஸ்லயே எம்.டி பண்றா. பெருமைக்கு சொல்றேன்னு நினைச்சாலும் பரவாயில்ல, பெருமைதான். ஆனா நான் சொல்ல வந்தது வேற. நீங்க ஒரு அட்மிஷனுக்கு சான்ஸ் கேக்கறீங்க, உங்க பொண்ணுக்கு முன்னாடி ரெண்டு அட்மிஷன் இருக்கு, முதல்ல நாலு வருஷ காலேஜ், அப்புறம் மெடிக்கல் ஸ்கூல். ரெண்டாவதுக்கு உதவாத காலேஜ் முதல்ல கிடைச்சு என்ன பிரயோஜனம்?

இங்க பெரும்பாலான காலேஜ்ல ப்ரீமெட்னு ஒரு டிகிரியோ அதுக்குன்னு தனி சீட்டோ கிடையாது. எந்த மேஜர்ல வேணா சேந்து பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஆர்கானிக், பிசிக்ஸ் எல்லாம் லேபோட, அப்புறம் பயோகெமிஸ்ட்ரி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னு முடிச்சா சரி. எங்க பொண்ணு கூட படிச்ச ஒரு பையன் ஹிஸ்டரி மேஜர், அவனும் இப்ப மெடிக்கல் ஸ்கூல்லதான் இருக்கான். அப்புறம் எம்கேட்னு மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வு எழுதணும். ஸ்கோர் 472லருந்து 528 வரைக்கும், நடு 500. எம்.டி ஸ்கூல்ல சேர்றவங்களோட சராசரி 511, 512 கிட்ட, ஜி.பி.ஏ 3.8 கிட்ட. நாடு முழுக்க அப்ளை பண்றவங்கள்ல பாதிப் பேருக்குக்கூட எங்கயும் சீட் கிடைக்கறதில்ல. இதெல்லாம் ஏ.ஏ.எம்.சின்னு மெடிக்கல் காலேஜ்களோட சங்கம் வருஷா வருஷம் டேபிளா போடறாங்க, ஜி.பி.ஏ ஒரு பக்கம் எம்கேட் ஒரு பக்கம் வச்சு எத்தனை பேர் அப்ளை பண்ணாங்க, எத்தனை பேருக்கு கிடைச்சுதுன்னு. ஓசில கிடைக்குது, அந்த கவுன்சிலர் இத காட்டவே இல்ல.

இதுல காலேஜ் பேருக்கு இடமே இல்லையான்னா இருக்கு, பொய் சொல்லக்கூடாது. பெரிய ரிசர்ச் யுனிவர்சிட்டில லேப் கிடைக்கும், நல்ல சிபாரிசு லெட்டர் கிடைக்கும். ஆனா 3.4 ஜி.பி.ஏவை எந்த பேரும் காப்பாத்தாது. முதல் வருஷ கெமிஸ்ட்ரில முந்நூறு பேர் உக்காந்திருக்கற கிளாஸ்ல கர்வ் போட்டு, அதாவது கிளாஸ்ல மத்தவங்களோட ஒப்பிட்டு, கிரேடு குடுக்கற இடத்துல, உங்க பொண்ணு கூட உக்காந்திருக்கறது எல்லாம் ஸ்கூல்ல முதல் ரேங்க் வாங்கினவங்க. தேங்காய் மூட்டையில பெரிய காயா இருக்கறதும் லாரி லோடுல பெரிய காயா இருக்கறதும் ஒண்ணு இல்ல. ஒரு தடவை சி வாங்கி திருப்பி எடுத்து ஏ வாங்கினாலும் ரெண்டையும் கணக்குல சேப்பாங்க. எங்க ஸ்டேட் மெடிக்கல் ஸ்கூலுக்கு டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ்னு தனி அப்ளிகேஷன், அதுல ஒரு நல்ல விஷயம் பிளஸ் மைனஸ் பாக்க மாட்டாங்க, ஏ மைனஸும் 4.0தான். எத்தனை ஸ்கூலுக்கு போட்டாலும் ஒரே ஃபீஸ் வேற.

நீங்க டெக்சஸ்ல இருக்கறதே பாதி அதிர்ஷ்டம். இங்க ஸ்டேட் மெடிக்கல் ஸ்கூல்ல வெளி ஸ்டேட் பசங்கள 10%க்கு மேல சேக்கக்கூடாதுன்னு இருக்கு, டியூஷன் பெரும்பாலும் வருஷத்துக்கு 25,000 டாலருக்கு உள்ளதான், வெளிய பிரைவேட் மெடிக்கல் ஸ்கூல் நிறைய 60,000 தாண்டும். கலிபோர்னியால இருக்கற என் கொழுந்தனார் இத கேட்டுட்டு வாயை பிளந்தாரு. இன்னொண்ணு, 2026 ஜூலைலருந்து மேல்படிப்புக்கான கிராட் பிளஸ்ங்கற ஃபெடரல் லோன் புதுசா கிடையாது, மெடிக்கல் மாதிரி படிப்புக்கு ஃபெடரல் லோன் வருஷத்துக்கு 50,000, மொத்தமா 2 லட்சம் டாலர்னு உச்சவரம்பு வச்சிட்டாங்க. அதுக்கு மேல வேணும்னா பிரைவேட் லோன்தான். முதல் நாலு வருஷத்துல வீட்டை அடமானம் வச்சிட்டா ரெண்டாவதுக்கு என்ன பண்ணுவீங்க?

'எங்க காலேஜ் ப்ரீமெட் பசங்கள்ல 90% பேருக்கு மெடிக்கல் அட்மிஷன்'னு டூர்ல சொல்வாங்க. முதல் வருஷம் எத்தனை பேர் ப்ரீமெட்னு வந்தாங்க, கடைசில எத்தனை பேர் அப்ளை பண்ணாங்கன்னு கேளுங்க. சில காலேஜ்ல கமிட்டி லெட்டர்னு மெடிக்கல் ஸ்கூலுக்கு காலேஜே குடுக்கற சிபாரிசு ஒண்ணு உண்டு, ஜி.பி.ஏ குறைஞ்ச பசங்களுக்கு அத குடுக்காமயே வடிகட்டிடுவாங்க, மிச்சம் இருக்கறவங்கள வச்சுத்தான் அந்த 90. நாங்க டூர்ல கேட்டப்போ அந்த அம்மா சிரிச்சிட்டு டைனிங் ஹால் பத்தி பேச ஆரம்பிச்சிட்டாங்க.

சரி, முதல் அட்மிஷனுக்கு வர்றேன், அதத்தான கேட்டீங்க. காமன் டேட்டா செட்னு காலேஜ்களே அட்மிஷன் விவரத்தை வெளியிடற ஒரு ஃபார்ம், காலேஜ் பேரோட சேத்து தேடுங்க. சி7 டேபிள்ல எதெல்லாம் ரொம்ப முக்கியம்னு அவங்களே டிக் பண்ணியிருப்பாங்க, சி9ல சேந்த பசங்களோட எஸ்.ஏ.டி 25வது 75வது பர்சென்டைல் இருக்கும், சி10ல கிளாஸ் ரேங்க். உங்க பொண்ணோட 1460 அந்த ரெண்டு நம்பருக்கு கீழயா நடுவுலயா மேலயான்னு பாருங்க. மேல இருந்தா ஓரளவு சேஃப், ஸ்காலர்ஷிப்பும் அங்கதான் கிடைக்கும். அட்மிஷனே பத்து பேர்ல ஒருத்தருக்குதான்னு இருக்கற காலேஜா இருந்தா மேல இருந்தாலும் லாட்டரிதான். உங்க குடும்பத்துக்கு நிஜமா எவ்வளவு செலவாகும்னு காட்டற நெட் பிரைஸ் கால்குலேட்டர் எல்லா காலேஜ் வெப்சைட்லயும் இருக்கும், அதையும் போட்டு பாத்துட்டு லிஸ்ட் போடுங்க. என் கணக்குல உங்க பொண்ணுக்கு ஆஸ்டின் கஷ்டம், ஆனா போடுங்க. யூ.டி டாலஸ், ஹூஸ்டன் மாதிரி இடம் எல்லாம் நல்லாவே வாய்ப்பு.

ஆக்டிவிட்டி பத்தி கேக்கல, இருந்தாலும் சொல்லியே ஆகணும், ஏன்னா எனக்கு வயித்தெரிச்சல். நான் ஞாயித்துக்கிழமை தமிழ் ஸ்கூல்ல கிளாஸ் எடுக்கறேன், சம்பளம் எல்லாம் கிடையாது, சொந்தக் காசுல ஸ்டிக்கர் வாங்கி எடுக்கறேன். ஆகஸ்ட் வந்தா போதும், வருஷம் பூரா எட்டிப் பாக்காத பேரண்ட்ஸ் எல்லாம் 'அக்கா, பையன் உங்க கிளாஸ்ல அசிஸ்டண்டா இருந்தான்னு ஒரு நூறு மணி நேரத்துக்கு லெட்டர் குடுங்க'ன்னு வருவாங்க. அந்தப் பையன் வந்தது ஆண்டு விழாவுக்கு சேர் எடுத்துப் போட, அதுவும் பாதில சமோசா சாப்பிடப் போயிட்டான். குடுக்க மாட்டேன்னு சொன்னதுக்கு ரெண்டு குடும்பம் என்கூட பேசறதில்ல. நிஜமா ஒவ்வொரு வாரமும் வந்து 'ழ' சொல்லிக் குடுத்த பொண்ணு ஒருத்தி இருக்கா, அவ லெட்டரே கேக்கல, நானா கூப்பிட்டு குடுத்தேன். ஒரு தடவை கமிட்டி மீட்டிங்ல இத எடுத்தேன், 'விடுங்க மேடம், பசங்க ஃபியூச்சர்'னு சொல்லி அடுத்த அஜெண்டாவுக்கு போயிட்டாங்க.

எங்க பொண்ணு காலேஜ் படிக்கும்போது வீக்கெண்ட்ல ஒரு ஃபார்மஸி கவுண்டர்ல டெக்னீஷியனா வேலை பாத்தா. இன்சூரன்ஸ் ரிஜெக்ட் ஆச்சுன்னு கத்தறவங்க, இன்சுலின் விலைய கேட்டுட்டு அப்படியே திரும்பிப் போறவங்க, எல்லாரையும் பாத்திருக்கா. ரிசர்ச் போஸ்டர் ஒண்ணும் இருந்துச்சு, ஆனா மெடிக்கல் ஸ்கூல் இன்டர்வியூல அவங்க திரும்பத் திரும்பக் கேட்டது அந்த கவுண்டர் பத்திதான். ஆப்பிரிக்காவுக்கு பத்து நாள் மெடிக்கல் மிஷன்னு கூட்டிட்டுப் போற பேக்கேஜ் எல்லாம் விக்கிறாங்க, அந்தக் காசுக்கு உங்க பொண்ணு இங்கயே வயசானவங்கள பாத்துக்கற நர்சிங் ஹோம்ல சி.என்.ஏ (நர்சுக்கு உதவியாளர்) ட்ரெயினிங் எடுக்கலாம். ஷேடோயிங் கொஞ்சம் வேணும், ஆனா டாக்டர் பின்னாடி நிக்கறதும் ஒரு பாட்டிக்கு சாப்பாடு ஊட்டறதும் வேற வேற.

கடைசியா ஒண்ணு, நீங்க எழுதல, ஆனா இதுதான் முதல்ல கேட்டிருக்கணும். பொண்ணு எச்4லயா, அதாவது அப்பா அம்மா வேலை விசாவை நம்பி இருக்கற விசாவா? எங்களுக்கு கிரீன் கார்டுக்கு 2008ல போட்ட ஃபைல், என் பொண்ணுக்கு 21 ஆகறதுக்குள்ள வந்துச்சு, அதுல எங்க சாமர்த்தியம் ஒண்ணும் இல்ல, வரிசைல முன்னாடி நின்னோம், அவ்வளவுதான். இன்னிக்கு வரிசைல நிக்கறவங்களுக்கு அது நடக்காது. 21 ஆனா எச்4 போச்சு, எஃப்1ங்கற ஸ்டூடண்ட் விசாவுக்கு மாறணும், ஃபெடரல் லோன் கிடையாது, நிறைய மெடிக்கல் ஸ்கூல் சிட்டிசன் இல்ல கிரீன் கார்டு இருந்தாத்தான் அப்ளிகேஷனையே எடுக்கும். இங்கயே ஒண்ணாங்கிளாஸ்லருந்து படிச்ச பசங்க, நேத்து ஃப்ளைட்ல வந்து இறங்கினவங்க மாதிரி நிக்கறாங்க. எங்க தெருவுலயே ஒரு பையன், எம்கேட் எல்லாம் பிரமாதம், இப்ப டேட்டா சயின்ஸ் மாஸ்டர்ஸ் பண்றான். உங்க வீட்லயும் அந்த நிலைமைன்னா பொண்ணு பிறந்த தேதி, உங்க பிரையாரிட்டி டேட் (கிரீன் கார்டு வரிசைல உங்க இடத்தை காட்டற தேதி) ரெண்டையும் எடுத்துக்கிட்டு சி.எஸ்.பி.ஏ (பசங்களோட வயசை எப்படி கணக்கு பண்ணணும்னு சொல்ற சட்டம்) கணக்கு போடத் தெரிஞ்ச இமிக்ரேஷன் லாயர்கிட்ட முதல்ல போங்க, காலேஜ் லிஸ்ட் அப்புறம் போட்டுக்கலாம்.