நம்பை எண்ணை ஜேசான் ஏன் மறுக்கிறது?

கேள்வி: மழை அளவுத் தரவைப் பைத்தானின் எண்கணக்கு நூலகமான நம்பையில் (NumPy) போட்டு, மாவட்டவாரியாகச் சராசரியும் மழை பெய்த நாட்களின் கூட்டலும் எடுத்து, ஒரு டிக்‌ஷனரியில் வைத்து, தரவை எழுத்தாக அனுப்பும் வடிவமான ஜேசானாக (JSON) அனுப்பப் பார்க்கிறேன். சராசரி மட்டும் இருந்தால் போகிறது. நாட்களைச் சேர்த்தால், இன்ட்64-ஐ (int64, நம்பையின் 64 பிட் முழு எண் வகை) ஜேசானாக்க முடியாது என்று டைப்எரர் (TypeError) வருகிறது. இரண்டும் நம்பை கொடுத்த எண்தானே? யாரோ சொன்னார்கள் என்று ஜேசான் மாட்யூலுக்குத் தெரியாத வகை வந்தால் அழைக்கப்படும் டிஃபால்ட் (default) என்ற இடத்தில், எதையும் எழுத்தாக்கும் எஸ்டிஆர் (str) கொடுத்தேன், பிழை போய்விட்டது. அப்படியே விட்டுவிடலாமா?
- ஆராய்ச்சி மாணவி

பதில்: வேண்டாம், உடனே எடுத்துவிடுங்கள். பிழை தீரவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் ஜேசானைத் திறந்து பாருங்கள், 42 இருக்க வேண்டிய இடத்தில் மேற்கோள் குறிக்குள் "42" இருக்கும். அது எண் இல்லை, எழுத்து. வாங்குகிற ஜாவாஸ்கிரிப்ட் அதோடு 1-ஐக் கூட்டினால் 421 வரும். முழு அரேயைக் (array, நம்பையின் எண் வரிசை) கொடுத்தால் இன்னும் மோசம்: 1000 உறுப்புகளைத் தாண்டினால் நம்பை அதை எழுத்தாக்கும்போது முதல் மூன்றையும் கடைசி மூன்றையும் மட்டும் எழுதி நடுவில் புள்ளி வைத்துவிடும். ஒரு எச்சரிக்கைகூட வராது, தரவு போனது போனதுதான்.

சரி, சராசரி மட்டும் எப்படிப் போனது? பைத்தானின் ஃப்ளோட்டும் (float, தசம எண்) 64 பிட்தான், அதனால் நம்பையின் ஃப்ளோட்64 அதற்கு வாரிசாகவே எழுதப்பட்டிருக்கிறது, ஜேசான் மாட்யூல் அதைத் தன் சொந்த ஃப்ளோட்டாகவே எடுத்துக்கொள்கிறது. பைத்தான் 3-இன் இன்ட் எவ்வளவு பெரிதாகவும் வளரும், இன்ட்64-க்கு எல்லை உண்டு, ஆகவே அந்த உறவு இல்லை. ஃப்ளோட்32, நம்பையின் பூலியன் (உண்மை/பொய் மதிப்பு), அரே எல்லாமே இப்படித்தான் மாட்டும்.

நம்பை மதிப்பைப் பைத்தான் மதிப்பாக மாற்ற, தனி எண் என்றால் ஐட்டம் (.item()), அரே என்றால் டுலிஸ்ட் (.tolist()), இந்த இரண்டும் உங்களுக்குப் போதும். வெறும் லிஸ்ட்டுக்குள் (list()) அரேயைப் போடாதீர்கள், வெளிக்கூடு மட்டும்தான் மாறும், உள்ளே இன்ட்64 அப்படியே உட்கார்ந்திருக்கும். பல இடங்களில் மாற்ற வேண்டியிருந்தால் டிஃபால்ட்டுக்கு நீங்களே ஒரு ஃபங்ஷன் எழுதிக் கொடுங்கள்: நம்பை எண்ணாகவோ பூலியனாகவோ இருந்தால் ஐட்டம், அரே என்றால் டுலிஸ்ட், வேறு எதுவாக இருந்தாலும் டைப்எரரை எழுப்பு. அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், தெரியாத ஒன்று உள்ளே நுழைந்தால் அதுதான் உங்களுக்குச் சொல்லும். ஒன்று கவனம்: டிக்‌ஷனரியின் கீ இன்ட்64-ஆக இருந்தால் அந்த ஃபங்ஷனுக்கு வரவே வராது, நேராகப் பிழைதான். கீயை முன்கூட்டியே இன்ட் ஆக்கிவிடுங்கள். அப்புறம், ஃப்ளோட்32-இல் இருக்கும் 0.1 இப்படி மாறும்போது 0.10000000149011612 என்று எழுதப்படும், பயப்பட வேண்டாம், அதில் இருந்த மதிப்பே அதுதான். தேவையான இலக்கத்துக்கு ரவுண்ட் செய்து அனுப்புங்கள்.

கேள்வி: என் ஜேசான் கோப்பைப் பைத்தான் சரியாகப் படிக்கிறது, பிரவுசரில் மட்டும் உடைகிறது. ஏன்?

பதில்: அனேகமாக உள்ளே நான் (NaN, 'எண் அல்ல' என்ற குறி) மதிப்பு இருக்கும். ஜேசான் விதிப்படி அப்படி ஒரு எண்ணே கிடையாது, ஆனால் பைத்தான் தாராளமாக எழுதும், தானே திரும்பப் படிக்கவும் செய்யும். ஜாவாஸ்கிரிப்ட் மறுத்துவிடும். டிஃபால்ட் ஃபங்ஷனில் இதைப் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அது ஃப்ளோட் என்பதால் அங்கே வராமலே போய்விடும். அலவ்_நான் (allow_nan) என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள், உங்கள் பக்கத்திலேயே வேல்யூஎரர் வரும். டுலிஸ்ட் செய்த பிறகு அந்த இடங்களில் நன் (None) வைத்தால் ஜேசானில் நல் (null) ஆகும். தயவுசெய்து 0 வைக்காதீர்கள். மழைத் தரவில் 0 என்றால் மழை இல்லை, நல் என்றால் அளக்கவில்லை, இரண்டையும் குழப்பினால் யாரோ ஒருவர் வறட்சி என்று எழுதிவிடுவார்.

கேள்வி: நம்பையின் தேதி வகையான டேட்டைம்64-இல் (datetime64) இருக்கும் தேதிகளுக்கும் டுலிஸ்ட் போதுமா?

பதில்: போதாது. நானோசெகண்ட் அளவில் இருக்கும் தேதியை டுலிஸ்ட் பெரும்பாலும் 19 இலக்க முழு எண்ணாகத் தரும், ஜாவாஸ்கிரிப்ட்டோ 9007199254740991 வரைதான் முழு எண்களைப் பிசகாமல் வைத்திருக்கும், அதனால் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறிவிடும். நம்பையின் டேட்டைம்_ஆஸ்_ஸ்ட்ரிங் (datetime_as_string) கொண்டு தேதியை எழுத்தாகவே அனுப்புங்கள்.