கடதாசி மணி, மணிப்பை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (உவர்மலையிலிருந்து ஒரு வாசகி): பழைய சஞ்சிகைத் தாளில் மணி சுற்றுகிறேன். ஒன்று பருமன், ஒன்று மெலிவு. சிலது ஒரு பக்கமாக இழுபட்டுச் சங்கு மாதிரி வருகிறது. சரியான அளவைச் சொல்லுவீர்களா?

பதில்: இழுபடுவதற்குப் பெரும்பாலும் வெட்டுத்தான் காரணம். தாளை நீண்ட முக்கோணங்களாக வெட்டித்தான் மணி சுற்றுவது. அந்த முக்கோணத்தின் கூர் நுனி, அடிப்பக்கத்தின் சரிநடுவுக்கு நேரே இருக்கவேண்டும். ஒரு மில்லிமீற்றர் தள்ளி நின்றாலும் சுற்றி முடிக்கும்போது மணியின் வயிறு ஒரு பக்கம் போய்விடும்.

ஏ4 அளவுத் தாளை நீளப்பாட்டில் நிமிர்த்தி வையுங்கள். அடிமட்டத்தால் கீழ் விளிம்பில் 0, 20, 40 என்று 200 மி.மீ வரை புள்ளியிடுங்கள். மேல் விளிம்பில் 10, 30, 50 என்று 210 வரை. கீழ்ப்புள்ளியையும் மேற்புள்ளியையும் மாறிமாறிக் கோட்டால் இணைத்தால், நுனி மேலே பார்த்தபடி பத்தும் கீழே பார்த்தபடி பத்தும் கிடைக்கும். இரண்டு ஓரத்திலும் மிஞ்சும் துண்டுகளை எறிந்துவிடலாம். ஒரு மாலைக்கு இந்த ஒரு தாளே போதும்: 20 மி.மீ மணி 18, இடையிலும் இரு முனையிலும் 4 மி.மீ சின்ன மணி 19, மொத்தம் 436 மி.மீ. கொளுக்கி சேர்த்தால் ஏறக்குறைய 45 செ.மீ. மிச்சம் இரண்டு மணியும் தோட்டுக்கு.

பருமனைத் தீர்மானிப்பது நீளமும் தாளின் தடிப்பும். வழுவழுப்பான சஞ்சிகைத் தாள் 30 செ.மீ சுற்றினால் மணியின் நடுப்பகுதி கிட்டத்தட்ட 5.5 மி.மீ வரும். நீளத்தை இரட்டித்து 60 செ.மீ ஆக்கினாலும் 11 ஆகாது, ஏழரை அளவில் நிற்கும். ஒவ்வொரு சுற்றும் முன்னையதைவிடக் கூடுதல் தாளைத் தின்னும். ஆகவே பெரிய மணி வேண்டுமென்றால் தடித்த தாளுக்குப் போவது சுலபம். ஆனால் நாட்காட்டி அட்டை அளவுக்குப் போகவேண்டாம், மடிப்பில் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும்.

ஈர்க்கில் சுற்றுபவர்கள் நிறையப் பேர். ஈர்க்கு அடியில் தடித்து நுனியில் மெலிவதால் துளையும் மணிக்கு மணி மாறும். பழைய சைக்கிள் கம்பி ஒன்று எடுங்கள். பெரும்பாலும் 2 மி.மீ, முழு நீளமும் ஒரே தடிப்பு. அகன்ற பக்கத்திலிருந்து தொடங்கி, முதல் 3 செ.மீ பசையில்லாமல் சுற்றுங்கள். அங்கே பசை பட்டால் மணி கம்பியை விடாது. அதன்பிறகு மெல்லிய பூச்சாக வெள்ளைப் பசை. இறுக்கமாகச் சுற்றாவிட்டால் பிறகு எந்த வார்னிஷும் அதைக் காப்பாற்றாது.

கேள்வி (தம்பலகாமத்திலிருந்து): கோதுமை மாப் பசை பாவிக்கலாமா? செலவு குறையுமே.

பதில்: வேண்டாம். மாவுக்குக் கரப்பானும் வெள்ளி மீன் பூச்சியும் வரும். மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். தச்சுவேலைக்காரர் பாவிக்கும் வெள்ளைப் பசையே நல்லது. ஒரு மாலைக்குச் சில துளிதான் போகும்.

கேள்வி (கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகி): வெள்ளைப் பசையையே தண்ணீர் கலந்து மேலே பூசிவிட்டேன். காய்ந்ததும் பளபளப்பாகத்தான் இருந்தது. கழுத்தில் போட்டால் வியர்வைக்கு ஒட்டுகிறது, வெள்ளையாகிறது.

பதில்: சாதாரண வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் இளகும். எங்கள் ஊர் வியர்வைக்கு அது மேற்பூச்சாக நிற்காது. ஆனால் அதை அடிப்பூச்சாகக் கட்டாயம் போடவேண்டும். இல்லாவிட்டால் வார்னிஷ் நேரே தாளுக்குள் இறங்கி, மறுபக்க எழுத்தை மேலே காட்டிவிடும். பசையும் தண்ணீரும் சம அளவு, ஒரு பூச்சு. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, மேலே தெளிவான வார்னிஷ் மெல்லியதாக மூன்று பூச்சு. தடிப்பாக ஒரே பூச்சுப் போட்டால் அடியில் துளி திரண்டு நிற்கும்.

மணிகளைக் குச்சியில் ஒன்றையொன்று முட்டாமல் கோத்து, ரெஜிபோம் (பொதி கட்டும் வெள்ளை நுரை அட்டை) துண்டில் நட்டு வையுங்கள். வாழைத்தண்டில் நட்டால் அதன் ஈரம் மணிக்கு ஏறும்.

மாதத்தையும் பார்க்கவேண்டும். கார்த்திகை, மார்கழி வாடை மழையில் பசை காய இரண்டு மூன்று நாள் எடுக்கும். உள்ளே ஈரம் இருக்க மேலே அடைத்துவிட்டால் மணி மங்கும். நிறமில்லாத நகப்பூச்சு பூசுபவர்களுக்கு இன்னொரு கரைச்சல்: ஈரக்காற்றில் அது காயும்போதே பால் படிந்ததுபோல வெளுக்கும். மழை நாளில் வெட்டுவதும் சுற்றுவதும் செய்யுங்கள், பூச்சு வேலையை வெயிலுக்கு வையுங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் சீக்கிரம் காயும், ஆனால் புழுதி ஒட்டும். யன்னலைச் சாத்திவிட்டுக் காயவிடுங்கள். பூசும்போது மட்டும் திறந்தே இருக்கட்டும், அந்த மணம் பிள்ளைகளுக்கு ஆகாது.

கேள்வி (மூதூரிலிருந்து ஒரு வாசகி): போன் வைக்கும் அளவில் ஒரு மணிப்பை செய்ய ஆசை. 8 மி.மீ மணி எத்தனை வாங்குவது? பாதியில் தீர்ந்து, திரும்பப் போனால் அதே நிறம் கிடைப்பதில்லை.

பதில்: எண்ணிவிட்டு வாங்குவதே ஒரே வழி. நான்கு மணி சேர்ந்து ஒரு கட்டம் என்ற பின்னலில், 8 மி.மீ உருண்டை மணிக்கு ஒரு கட்டம் சுமார் 11.3 மி.மீ இடம் பிடிக்கும். போன் பைக்கு அடி 10 கட்ட நீளம், 2 கட்ட அகலம். உயரம் 16 கட்டம். அதாவது பையின் முன்பக்கம் அகலம் 11 செ.மீ, உயரம் 18 செ.மீ. சுற்றளவு 24 கட்டம். சுவருக்கு 792 மணி, அடியின் உட்பகுதிக்கு 28, மொத்தம் 820. அரை மீற்றர் ஒற்றைக் கட்ட வரிசைக் கைபிடிக்கு இன்னும் 130. துளை அடைபட்டதும் வெடித்ததும் கழிய, 1000 வாங்குங்கள். பிளாஸ்டிக் மணியென்றால் கைபிடி இல்லாத பை மட்டும் 250 கிராம் அளவில் பாரம் வரும். கண்ணாடி மணியில் இதே பை இருமடங்குக்கு மேல் பாரம்; முதல் பைக்கு அது வேண்டாம்.

0.5 மி.மீ தங்கூசி (நைலோன் மீன்பிடி நூல்) 30 மீற்றர் தேவை. பின்னலுக்கு 13 மீற்றர் போகும். மிச்சம், பலத்துக்காக மணிகளுக்குள் நூலை மறுபடி விடும் இரண்டாம் ஓட்டத்துக்கும் முடிச்சு வால்களுக்கும்.

அடியிலிருந்து தொடங்குங்கள். ஒன்றரை மீற்றர் துண்டில் நான்கு மணி கோத்து, நான்காவது மணிக்குள் இரு முனையையும் எதிரெதிராக விட்டு இழுத்தால் முதல் கட்டம். அதன்பிறகு முதல் வரிசையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று மணிதான் புதிது: முனைக்கு ஒன்றாக இரண்டு, குறுக்கே ஒன்று. இரண்டாம் வரிசையில்தான் பலர் தடுமாறுவார்கள். அங்கே முதல் கட்டம் தவிர மற்றவற்றுக்கு இரண்டு மணிதான் புதிது. ஒரு முனையை ஏற்கனவே இருக்கும் கீழ் மணிக்குள் விட்டு எடுத்த பிறகே புது மணி கோக்கவேண்டும். அதை மறந்தால் ஓட்டை விழும், நான்கு வரிசை தாண்டித்தான் கண்ணில் படும். வரிசைக்கு வரிசை எண்ணுங்கள்.

கேள்வி (அதே வாசகி): முன்னர் செய்த சின்னப் பை இரண்டு மாதத்தில் அறுந்தது. தங்கூசி மீனையே தாங்குமே?

பதில்: தாங்கும், ஆனால் மணியின் துளை விளிம்பு அதை அறுக்கும். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் மணிகளில் துளையோரம் பிசிர் நிற்கும். ஊசியால் சுழற்றிப் பாருங்கள். கரகரத்தால் அந்த மணியை ஒதுக்குங்கள். துளை 1.5 மி.மீ இருந்தால் 0.5 தங்கூசி நான்கு தடவை போகும். 1 மி.மீ துளையில் இரண்டு தடவையோடு அடைத்துவிடும். பலவந்தமாக இழுத்தால் மணி வெடிக்கும். அப்படியான மணிக்கு 0.4 பாவியுங்கள்.

வெயிலும் நைலோனை நொறுங்க வைக்கும். வலைக்கடையில் வெயிலில் தொங்கும் சுருளை வாங்காமல், உள்ளே இருப்பதைக் கேளுங்கள். முடிச்சு இரண்டு சுற்றுப் போட்டு, எதிர்ப்பக்கமாக இன்னும் இரண்டு சுற்று. இறுக்கும்முன் நனையுங்கள், இல்லையேல் உராய்வுச் சூட்டில் நூல் பலமிழக்கும். மீன்பிடிப்பவர்கள் வாயில் வைத்து நனைப்பது அதனால்தான். நெருப்பால் நுனியைச் சுடுவதைவிட, வாலை ஐந்து மணிக்குள் ஓட்டி வெட்டுவது பலம். கைபிடி நூலையும் பையின் வாயோரத்தில் முடிந்துவிடாமல், சுவருக்குள் ஐந்து கட்டம் கீழே வரை இறக்குங்கள்.

கேள்வி (நிலாவெளியிலிருந்து): சுற்றுலாப் பயணிகளுக்கு மாலையும் தோடும் விற்கிறோம். கொளுக்கிகள் அலுமாரியில் இருக்கும்போதே துருப்பிடிக்கின்றன. ஒருவர் காது கடிக்கிறது என்றும் சொன்னார்.

பதில்: கடல் உப்புக் காற்றில் முலாம் பூசிய இரும்பு நிற்காது. வாங்கும்போது காந்தம் கொண்டுபோங்கள். இறுக்கி ஒட்டினால் இரும்பு, எடுக்கவேண்டாம். துருப்பிடிக்காத எஃகு விலை கூடினாலும் அதுவே சரி. காது கடிப்பதற்கு அநேகமாக முலாமிலுள்ள நிக்கல் காரணம். தோட்டுக் கம்பியை மட்டுமாவது நல்ல எஃகில் போடுங்கள். முடித்த மாலைகளைக் காற்றுப்புகாத பையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அங்கே வாங்குபவர்கள் மாலையோடே கடலில் இறங்குவார்கள், ஆகவே ஒவ்வொன்றிலும் ஆங்கிலத்திலும் ஒரு சின்னச் சீட்டுக் கட்டுங்கள்: கடதாசியால் செய்தது, குளிக்கும்முன் கழற்றவும், வாசனைத் திரவியம் மேலே அடிக்கவேண்டாம்.