பாட்டியின் வாழ்க்கைக் கதையைப் பதிவு செய்யும்போது அவர் தவறாகச் சொல்லும் ஆண்டுகளை உடனே திருத்தலாமா?

திருத்தாதீர்கள். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதாவது திருத்தாதீர்கள். திருத்திக் கெட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நீங்கள் பாட்டியின் எதிரே கைப்பேசியை வைத்துக்கொண்டு, அவர் சொல்லும் ஆண்டும் வீட்டிலுள்ள காகிதங்கள் சொல்லும் ஆண்டும் ஒத்துவராமல் தவித்துக்கொண்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் என் பெரிய அத்தையின் முன் உட்கார்ந்திருந்தேன். தம் கல்யாணம் முடிந்த மறுமாதமே தம்பி இறந்துபோனதாக, அதாவது என் சித்தப்பா இறந்துபோனதாக, அவர் சொல்லிக்கொண்டு வந்தார். நான் இடைமறித்து, "இல்லை அத்தை, அதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்துவிட்டார், சான்றிதழ் என்னிடம் இருக்கிறது" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடித்து, மடியில் வைத்துக்கொண்டார். "எல்லாம் தெரிந்தவன் நீ, நீயே எழுதிக்கொள்." அதன் பிறகு பதிவில் பதினொரு விநாடிகளுக்கு மின்விசிறியின் ஓசை மட்டுமே இருக்கிறது, அடுத்து நாற்காலி நகரும் சத்தம்.

அவரை மறுபடி பேச வைக்க ஏழு மாதங்கள் ஆயின. இம்முறை கேள்வித்தாளை எடுத்துச் செல்லாமல், சித்தப்பாவின் பழைய கைக்கடிகாரத்தை மட்டும் அவர் கையில் கொடுத்தேன். நின்றுபோன அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டே, "கல்யாணத்தன்று என்னை வண்டியில் ஏற்றிவிட்டவன் அவன்தான்" என்று தொடங்கினார். அது நடந்திருக்க வழியில்லை என்று அறிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தேன். தம்பி இல்லாத கல்யாணத்தை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை என்பது, அவர் தொடர்ந்து பேசிய நாற்பது நிமிடங்களில் தானாகவே விளங்கியது. அந்தச் செய்தி எந்தச் சான்றிதழில் இருக்கிறது?

துல்லியம் இல்லாத வரலாறு எதற்கு என்று இங்கே சிலர் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். ஆவணங்களுக்கு நான் எதிரியல்லன். அந்தச் சான்றிதழின் நகலை ஒலிக்கோப்புடன் ஒரே உறையில்தான் வைத்திருக்கிறேன். சரியான தேதியைத் தனிக் குறிப்பாக எழுதி வையுங்கள். பேசுபவரின் வாயில் திணிக்காதீர்கள், அவ்வளவே. இத்தாலியின் டெர்னி நகரில் லூயிஜி டிராஸ்டுல்லி என்ற இளம் எஃகுத் தொழிலாளி, 1949இல் நேட்டோவுக்கு எதிரான போராட்டத்தின்போது காவல்துறையால் கொல்லப்பட்டார். பிற்காலத்தில் அந்நகரத் தொழிலாளர்களிடம் வாய்மொழி வரலாற்றைச் சேகரித்த ஆலெஸாண்ட்ரோ போர்ட்டெல்லி, அவர்களில் பலர் அந்தச் சாவை 1953ஆம் ஆண்டின் ஆட்குறைப்புப் போராட்டத்தோடு சேர்த்தே நினைவில் வைத்திருந்ததைக் கண்டார். அதைப் பிழையென்று ஒதுக்காமல், ஏன் இடம் மாற்றி நினைத்தார்கள் என்று கேட்டதால்தான், பதிலடி கொடுக்க முடியாமல்போன ஒரு சாவின் அவமானம் அவருக்குப் பிடிபட்டது.

கருவியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மின்விசிறியை நிறுத்துங்கள், கைப்பேசியை மேசைமேல் நேராக வைக்காமல் மடித்த துணியின் மீது வையுங்கள், இயன்றால் சுருக்கப்படாத வேவ் (WAV) கோப்பு வடிவில் சேமியுங்கள். பதிவுச் செயலியின் அமைப்பில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடம் (மோனோ) என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 500 மெகாபைட் ஆகும். யார் யார் கேட்கலாம் என்பதையும் பாட்டியின் குரலிலேயே பதிவு செய்துவிடுங்கள். இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. அத்தை உயிரோடு இருந்தவரை எட்டிப் பார்க்காத உறவினர் ஒருவர், பதிவில் தம் தந்தையைப் பற்றி வரும் மூன்று நிமிடங்களை வெட்டித் தரும்படி இன்றுவரை என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறார். சென்ற மாதம் அவருக்கு அத்தையின் ஒப்புதலையே போட்டுக் காட்டினேன்: "யார் வேண்டுமானாலும் கேட்கட்டும். வெட்டுவதாக இருந்தால் முழுவதையும் அழித்துவிடு."