தொழிற்சாலைச் சாம்பலைக் கொண்டு கரியமில வாயுவைப் பிடித்து வைக்க முடியுமா?

முடியும், ஆனால் எல்லாச் சாம்பலும் இதற்கு உதவாது. வாயுவைப் பிடிப்பது சாம்பலில் கலந்திருக்கும் கால்சியம் ஆக்சைடு, அதாவது சுட்ட சுண்ணாம்பு. ஈரம் பட்டதும் அது நீறி, நீரில் கரைந்த கரியமில வாயுவுடன் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. சுண்ணாம்புக் காரை பூசிய சுவர் நாளடைவில் இறுகுவதும் இதே வினையால்தான். இப்படிக் கல்லாகிவிட்ட வாயு மீண்டும் வெளியேற வேண்டுமென்றால் ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பமோ அமிலமோ தேவை. ஆகவே நிலத்தடியில் செலுத்திய வாயுவுக்கு வேண்டியிருப்பதைப் போன்ற நெடுங்காலக் கண்காணிப்பு இதற்குத் தேவையில்லை. இம்முறையில் நான் மிகவும் மதிப்பது இந்த நிலைத்தன்மையைத்தான்.

அளவைப் பற்றித்தான் கவனமாகப் பேச வேண்டும். 56 கிலோ கால்சியம் ஆக்சைடு முழுமையாக வினைபுரிந்தால் 44 கிலோ வாயுவை ஏற்கும். ஒரு டன் நிலக்கரி எரிந்து 300 கிலோ சாம்பல் மிஞ்சுகிறது, அதில் நூற்றுக்கு 5 பங்கு சுண்ணாம்பு என்று வைத்துக்கொண்டால், அந்த 15 கிலோ சுண்ணாம்பு பிடிக்கக்கூடியது சுமார் 12 கிலோ வாயு. அதே நிலக்கரி எரியும்போது வெளியான வாயுவோ ஒரு டன்னுக்கும் மேல். அனல்மின் நிலையம் தன் சாம்பலைக் கொண்டே தன் புகையை ஈடுசெய்துவிடும் என்று யாரேனும் சொன்னால், தயவுசெய்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

பழுப்பு நிலக்கரிச் சாம்பல் பலவற்றிலும், எஸ்தோனியாவில் எண்ணெய்க் களிப்பாறையை எரித்துக் கிடைக்கும் சாம்பலிலும், எஃகு ஆலைக் கசடிலும் சுண்ணாம்பு மிகுதி. எஃகுக் கசடில் அது நூற்றுக்கு 40 பங்கையும் தாண்டுவதுண்டு. ஆனால் அந்தச் சுண்ணாம்பே சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, அதிலிருந்த வாயுவை வெளியேற்றிப் பெறப்பட்டது. எனவே கசடு செய்வது பெரும்பாலும் பழைய கடனைத் திருப்பிச் செலுத்தும் வேலைதான். அதுவும் செய்யத் தக்கதே.

நடைமுறையில் ஈரத்தின் அளவு பெரும்பாடு படுத்தும். ஈரம் குறைந்தால் வினை நடக்காது. மிகுந்தால் துளைகளை நீர் அடைத்துக்கொண்டு வாயு உள்ளே நுழையாது. மேலும், உருவாகும் கார்பனேட்டே துகளைச் சுற்றி ஓடாகப் படிந்து உட்புறச் சுண்ணாம்பை மறைத்துவிடுகிறது. நுண்ணியதாக அரைத்தால் பயனுண்டு. அரைப்பதற்கான மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மறுபுறம், புகைபோக்கி வாயுவைப் பிரித்துத் தூய்மைப்படுத்தாமலே நேரடியாகச் செலுத்தலாம் என்பது பெரிய சேமிப்பு.

குப்பை எரிப்பு ஆலைச் சாம்பலுக்கு இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. அதன் கடுமையான காரத்தன்மை தணிவதால் ஈயம் நீரில் கசிவது பொதுவாகக் குறைகிறது. ஆனால் குரோமியம், ஆன்டிமனி போன்றவை சில வேளைகளில் முன்பைவிட அதிகமாகக் கசியக்கூடும் என்பதால், அந்தச் சாம்பலைக் கட்டுமானக் கல்லாக மாற்றும் எவரும் ஒவ்வொரு தொகுதிக்கும் கசிவுச் சோதனை செய்தே ஆக வேண்டும்.