பீர் கப்கேக் ஏன் கசந்தது?

கேள்வி: பீர் ஊற்றி எலுமிச்சை கப்கேக் செய்து பார்த்தேன். கையில் இருந்தது ஐ.பி.ஏ. வகை பீர். ஆல்கஹால் போகட்டும், சுவையும் ஏறட்டும் என்று ஒரு கேனைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, ஆறவைத்துச் சேர்த்தேன். அதோடு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. என்னிடம் இருப்பது ஆறு குழி ட்ரே என்பதால் இரண்டு ஈடாகச் சுட்டேன். முதல் ஈடு நன்றாகப் பொங்கியது, இரண்டாவது நடுவில் குழிந்துவிட்டது. எலுமிச்சை வாசம் பேருக்குக்கூட இல்லை. சாப்பிட்டு முடித்த பிறகு நாக்கில் ஒரு கசப்பு நிற்கிறது. எங்கே தவறு செய்தேன்? இதைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி

பதில்: நீங்கள் அக்கறையாகச் செய்த வேலைதான் உங்களைக் கவிழ்த்திருக்கிறது. பீரைக் காய்ச்சினீர்களே, அதைச் சொல்கிறேன்.

பீரில் கசப்பு வருவது ஹாப்ஸ் என்ற பூவிலிருந்து. அந்தக் கசப்புப் பொருள் ஆவியாகிப் போகாது. காய்ச்சும்போது தண்ணீர் போகும், ஆல்கஹால் போகும், நல்ல வாசனையும் போகும். கசப்பு மட்டும் பாத்திரத்திலேயே தங்கும். பாதியாகச் சுண்டினால் அதே கரண்டி பீரில் இரண்டு மடங்கு கசப்பு. அதிலும் நீங்கள் எடுத்தது ஹாப்ஸ் தூக்கலாகச் சேர்க்கும் ஐ.பி.ஏ. பீரின் கசப்பை ஐ.பி.யு. என்ற அலகில் அளப்பார்கள். கோதுமை பீர் பெரும்பாலும் 10 முதல் 20 வரைதான் இருக்கும். ஐ.பி.ஏ. சாதாரணமாகவே 40 முதல் 70. அதைச் சுண்டவும் வைத்தால் கேக் என்ன செய்யும், பாவம்!

எலுமிச்சை, ஆரஞ்சு வகைக் கேக்குகளுக்குக் கோதுமை பீர்தான் என் முதல் தேர்வு. பெல்ஜியத்தின் கோதுமை பீரான விட்பியர் கிடைத்தால் விடாதீர்கள். அதை வடிக்கும்போதே ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் சேர்க்கிறார்கள், அதனால் கேக்கில் போய் உட்கார அதற்குச் சிரமமே இல்லை. கறுப்பு ஸ்டௌட் பீரைச் சாக்லேட் கேக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை அதை ஆரஞ்சோடு சேர்த்துப் பார்த்தேன். கருகிய மர்மலேட் மாதிரி இருந்தது, யாரும் இரண்டாவது கேட்கவில்லை.

சரி, எலுமிச்சை வாசம் எங்கே போனது? அது உங்கள் கேக்குக்குள் வரவே இல்லை. பழத்தின் வாசம் சாற்றில் இருப்பதைவிடத் தோலில்தான் அதிகம். மஞ்சள் மேல்தோலில் இருக்கும் எண்ணெய்தான் நமக்கு எலுமிச்சையாக மணக்கிறது. சாறு தருவது பெரும்பாலும் புளிப்பு. அந்தப் புளிப்பையும் உங்கள் சோடா தின்றுவிட்டது. ஒரு டீஸ்பூன் சோடாவுக்குச் சுமார் நான்கு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அடக்கும் சக்தி உண்டு. நீங்கள் விட்டது இரண்டு. பீரிலும் கொஞ்சம் புளிப்பு உண்டு என்றாலும் இவ்வளவு சோடாவுக்கு அது காணாது. மிஞ்சிய சோடா சோப்பு மாதிரி ஒரு சுவையைக் கொடுக்கும். ஹாப்ஸ் கசப்போடு இதுவும் சேர்ந்துதான் உங்கள் நாக்கில் நின்றிருக்கிறது.

இரண்டாவது ஈடு குழிந்ததற்கும் சோடாதான் காரணம். புளிப்பைத் தொட்ட கணமே அது நுரைக்க ஆரம்பித்துவிடும். முதல் ஈடு வெந்து இறங்கும் வரை மிச்சக் கலவை கிண்ணத்தில் காத்திருந்ததல்லவா? காற்றெல்லாம் அப்போதே போய்விட்டது. இந்தக் கேக்குக்குச் சோடாவே வேண்டாம், பேக்கிங் பவுடர் போதும். இப்போது கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை ஈரத்தில் ஒருமுறை, சூட்டில் ஒருமுறை என்று இரண்டு தடவை வேலை செய்பவை. கொஞ்ச நேரம் காத்திருந்தாலும் தாக்குப்பிடிக்கும். அப்படியும் இரண்டு ஈடு சுடுவதானால் ஈரமும் மாவும் சேரும் கடைசிக் கட்டத்தைப் பாதிப் பாதியாகச் செய்வதே நல்லது. பீரின் நுரை கேக்கை எழுப்பும் என்று நம்ப வேண்டாம், கலக்கும்போதே முக்கால்வாசி போய்விடும்.

நான் போடும் அளவைச் சொல்கிறேன், பன்னிரண்டு கப்கேக் வரும். மைதா 190 கிராம், சர்க்கரை 150 கிராம், வெண்ணெய் 115 கிராம், முட்டை 2, பீர் 120 மி.லி., பேக்கிங் பவுடர் தலைதட்டி 2 டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு எலுமிச்சையின் தோல் துருவல். வெண்ணெய், முட்டை, பீர் மூன்றும் குளிர் விட்டிருக்க வேண்டும். பீரை முன்னாடியே ஊற்றி வைத்து, நுரை அடங்கிய பிறகு அளந்துகொள்ளுங்கள்; நுரையோடு அளந்தால் பாதி காற்றுதான் கணக்கில் வரும்.

துருவலில் கொஞ்சம் பொறுமை வேண்டும். மஞ்சள் நிறம் மட்டும் வரட்டும், வெள்ளைத் தோல் கசக்கும். அந்த மஞ்சள் துருவலைச் சர்க்கரையில் போட்டு விரல் நுனியால் இரண்டு நிமிடம் நன்றாகக் கசக்குங்கள். சர்க்கரை ஈர மணல் போல ஆகி, அறை முழுக்க மணக்கும். அப்புறம் வழக்கம்போல வெண்ணெயோடு குழைத்து, முட்டையை ஒவ்வொன்றாக அடித்து, மாவையும் பீரையும் மாற்றி மாற்றிச் சேர்க்க வேண்டியதுதான். மாவு போட்ட பிறகு அதிகம் கலக்க வேண்டாம். 175 டிகிரி செல்சியஸில் 18 முதல் 20 நிமிடம்.

சாற்றைக் கலவையில் விடாமல் மேலே பூசுங்கள். இரண்டு மேசைக்கரண்டிச் சாற்றில் அதே அளவு சர்க்கரையைக் கரைத்து, கேக் சூடாக இருக்கும்போதே தடவினால் புளிப்பு அப்படியே நிற்கும். ஐசிங்கில் பீர் சேர்க்கும் ஆசை இருந்தால் ஒரு டீஸ்பூனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது அடுப்பைப் பார்க்காத பச்சை பீர்.

குழந்தைகள் விஷயத்துக்கு வருகிறேன். சுட்டால் ஆல்கஹால் முழுக்கப் போய்விடும் என்பது பரவலான நம்பிக்கை, உண்மை இல்லை. அமெரிக்க வேளாண் துறையின் பட்டியலில், கலவையோடு சேர்த்து 15 நிமிடம் வேகவைத்தால் 40 சதவீதம் மிச்சம் இருக்கிறது. ஒரு மணி நேரம் ஆனாலும் 25 சதவீதம். நம் கணக்கில், 5 சதவீத பீர் 120 மி.லி. என்றால் ஆல்கஹால் 6 மி.லி. பன்னிரண்டாகப் பிரித்துச் சுட்ட பிறகு ஒரு கப்கேக்கில் 0.2 மி.லி. அளவுக்கு நிற்கும். துளிதான், போதை ஏறாது. ஆனாலும் குழந்தைகளுக்கு, கர்ப்பிணிகளுக்கு, மதுவைத் தொடாதவர்களுக்கு என்றால் நான் ஆல்கஹால் 0.0 என்று போட்ட கோதுமை பீரைத்தான் எடுப்பேன். கேக்கின் சுவையில் பெரிய வித்தியாசம் தெரியாது. சாதாரண பீர் ஊற்றியிருந்தால், தட்டை நீட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்; சாப்பிட்டு முடித்த பிறகு சிரித்துக்கொண்டே சொல்வது வேண்டாம்.